மெர்சியின் எக்ஸ்ரே

ஒக்கலிபுரத்திலிருந்து ஆஸ்பத்திரி வரை ஒழுங்காக ஆட்டோவில் வந்த என் மனைவி மெர்சி, எக்ஸ்ரே அறை வாசலில் பெஞ்சைக் கண்டதும் உட்கார்ந்துவிட்டாள். எடுக்க மாட்டாளாம்.

“வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்யா.”

அந்த ஒரு நோயாளி நான். குணசேகர். என் அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்தில் வேலை செய்து, நுரையீரல் நிறையக் கல்தூசியோடு செத்தார். பூமிக்கு அடியில் போய்ச் சம்பாதிக்க மாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் செய்தேன். காப்பாற்றவும் செய்தேன். பெங்களூரில் நான் சேர்ந்த, வெந்நீர் கெய்சர் செய்யும் கம்பெனி தரைத்தளத்தில்தான் இருந்தது.

வெந்நீர் டேங்குகளுக்கு ஆஸ்பெஸ்டாஸ் துணி சுற்றுவது என் வேலை. வெட்டும்போது வெள்ளையாகப் பறக்கும். தங்கவயல்காரனுக்குத் தூசி என்றால் கல்லாக இருக்க வேண்டும், கண்ணை உறுத்த வேண்டும். இது இலவம்பஞ்சு மாதிரி இருந்தது. முகமூடி கேட்டவனை நானே கிண்டல் செய்தேன். சாயங்காலம் கம்பெனி ஆளுக்கொரு வெல்லக்கட்டி கொடுக்கும், தொண்டைத் தூசி இறங்குவதற்கு. தூசி இறங்கவில்லை. சர்க்கரை ஏறியது.

போன வாரம் டாக்டரம்மா என் நுரையீரலைப் பார்த்து முடித்துவிட்டு, “யூனிஃபார்ம் யாரு தொவைச்சாங்க?” என்று கேட்டார். பெருமையாக மெர்சியைக் காட்டினேன். நன்றாக உதறித்தான் துவைப்பாள் என்றேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உதறிய தூசியை அவளும்தானே மூச்சில் இழுத்திருப்பாள் என்று சொல்லி, மெர்சிக்கும் ஒரு எக்ஸ்ரே எழுதிக் கொடுத்தார்.

“நீயும்தான் இருமுற,” என்றேன் இப்போது.

“அது சர்ச் கொயர்ல உச்சத்துல பாடுறது.”

“நீ கொயரை வுட்டு எத்தினி வருசம் ஆச்சு?”

“அதான், பழக்கம் வுட்டுப்போய் இருமுது.”

எக்ஸ்ரே பெண் எட்டிப் பார்த்தாள். “ரெடியா அம்மா?”

“இல்ல,” என்றாள் மெர்சி.

“பயமா?” என்றேன்.

“எனக்கு இன்னா பயம்? எனக்கும் இருக்குன்னு வந்துச்சுன்னு வையி, உன்னாலதான்னு சொல்லிச் சோறு தின்னாம குந்திக்குவ. சுகர் மாத்திர போடுற ஆளு. மயங்கி வுழுந்தா யாரு தூக்கினு ஓடுறது?”

பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“சாப்புடுவேன்,” என்றேன். “என் ரிசல்ட் வந்த அன்னிக்கே மசால் தோசை தின்னவன் நான்.”

“ரெண்டு.”

“சரி, ரெண்டு. இன்னைக்கும் தின்னுறேன். நீ உள்ள போ.”

“என் கண்ணு முன்னாடி தின்னு.”

கேண்டீனில் போய் இட்லி வடை வாங்கி வந்தேன். அவள் செயினையும் வளையலையும் கழற்றி என் சட்டைப் பையில் போட்டாள். நான் முதல் வாயை விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது.

மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள் அந்தப் பெண். வெளியே நானும் பிடித்தேன். எனக்கு அது ரொம்ப நேரம் வராது. இருமிவிட்டேன்.

“தண்ணி குடிச்சிட்டுச் சாப்புடுய்யா!” என்று உள்ளிருந்து மெர்சியின் குரல் வந்தது.

எக்ஸ்ரே பெண் சலித்துக்கொண்டு மறுபடியும் மூச்சைப் பிடிக்கச் சொன்னாள். நான் வடையைப் பிட்டேன்.