பூஜ்யம்தான் வரும்

ஒரு வாய்தான் குடித்தார். அதற்குமேல் தம்ளர் அசையவில்லை. வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டனை ஒரு கையால் பிடித்தபடி, காதுக்குள் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல என் கணவர் சமையலறை வாசலில் நின்றார்.

"இதுல என்ன கலந்த?"

"வெந்நீர்தாங்க. கொஞ்சம் தேன்."

"தேனோட வேற என்ன?"

பத்து நிமிடத்துக்கு முன்புவரை வீடு சிரித்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த யூனிஃபார்ம் சட்டை அலமாரியிலிருந்து வெளியே வந்திருந்தது. அவர் அதைப் போட்டுப் பார்க்க, எங்கள் மகள் சுற்றிச்சுற்றி வந்து, "அப்பா, மூச்சு விட்டுடாதீங்க. பிளேனுக்கு முன்னாடி உங்க பட்டன் கிளம்பிரும்" என்று கிண்டல் செய்தாள். சாயங்காலம் நான்கு மணிக்கு அவர் விமானம் ஓட்டப் போகிறார். காலையிலிருந்தே தொண்டையில் ஒரு கரகரப்பு. டாக்டரைக் கேட்காமல் தலைவலி மாத்திரைகூடத் தொடமாட்டார். அதனால்தான் சொல்லாமல் செய்தேன். மகளின் இருமல் டானிக்கில் ஒரு மூடியை வெந்நீரில் ஊற்றி, தேனைப் போட்டு மறைத்தேன். நல்லதைத்தான் நினைத்தேன்.

"பாப்பாவோட டானிக். ஒரே ஒரு மூடி."

அவர் தம்ளரை மேடையில் வைத்தார். பாட்டிலை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எறும்பு வரிசை மாதிரி இருந்த எழுத்துகளைப் படித்தார். விரல் ஒரு வரியில் நின்றது. நானும் எட்டிப் பார்த்தேன். ஆல்கஹால், ஐந்து சதவீதம்.

தேனுக்கும் வெந்நீருக்கும் அடியில் கிடந்த அந்தத் துளியை அவருடைய நாக்கு தேடிக் கண்டுபிடித்துவிட்டது. குடியை விட்ட இத்தனை நாளும் உறங்காமல் அது காத்திருந்திருக்கிறது என்று நினைத்தபோது, பக்கத்தில் படுத்து எழுந்த மனிதர் எதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார் என்பது முதல்முறையாகப் புரிந்தது.

பதற்றத்தில் அடுத்த மடத்தனத்தையும் செய்தேன். பாட்டிலைப் பிடுங்கி மிச்சத்தைத் தொட்டியில் கவிழ்த்து, குழாயைத் திறந்துவிட்டேன்.

"போச்சு. நீங்க குடிக்கவே இல்ல. முடிஞ்சது."

"குடிச்சேன்ல?"

"ஒரு வாய்ங்க! ஒம்பது மணிக்கு மெஷின்ல ஊதிப் பாருங்க. பூஜ்யம்தான் வரும்."

"பூஜ்யம்தான் வரும்," என்றார். "அதான் பயமா இருக்கு."

அந்த மெஷின் வரவேற்பறையில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூச்சில் ஆல்கஹால் இருக்கிறதா என்று பார்ப்பது; நாளைக்கு நான்கு முறை அதில் ஊத வேண்டும். ஊதும்போது அதிலுள்ள கேமரா படம் பிடித்து டாக்டருக்கு அனுப்பிவிடும். இவர் இருபத்தெட்டு நாள் குடி மறக்கும் சிகிச்சை மையத்தில் இருந்துவிட்டு வந்தபோது கூடவே வந்தது. மருமகள் மாதிரி அதற்கென்று ஒரு இடம், ஒரு மரியாதை. அதை விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்குக்கூட இவர் போனதில்லை.

"குடிக்கிறத எத்தனை மணிக்கு நிறுத்துனா எத்தனை மணிக்கு பூஜ்யம் வரும்ங்கிற கணக்குல என்னை அடிச்சுக்க ஆளே கெடையாது. பதினோரு வருஷம் அந்தக் கணக்குலதான் ஓட்டுனேன். அன்னைக்கு ஒருநாள்தான் தப்பு விட்டேன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. தினமும்தான் தப்பு. அன்னைக்குக் கணக்கு உதைச்சிருச்சு, அவ்வளவுதான்."

கல்யாணமான பதினாறு வருடத்தில் இதை இவர் என்னிடம் சொன்னதில்லை. பதினோரு வருடம். நான் கைக்குழந்தையோடு ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து, 'ஓட்டுறது என் வீட்டுக்காரர்' என்று பக்கத்து இருக்கைக்காரியிடம் பீற்றிக்கொண்ட நாளும் அதற்குள் அடக்கம்.

அவர் போனை எடுத்தார். யாரைக் கூப்பிடப்போகிறார் என்று எனக்குத் தெரியும்.

கணக்கு உதைத்த அன்று இவரோடு இருந்த துணை விமானி ஒரு சின்னப் பெண். பயணிகள் எல்லோரும் ஏறிய பிறகு, "சார், நாம ரெண்டு பேரும் எறங்கிடலாம்" என்று மெதுவாகச் சொன்னாளாம். இவர் முறைத்ததும் தானே போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். லைசென்ஸ் போனது. மறுபடி ஓட்டவேண்டுமானால் சக விமானி ஒருவர் மாதாமாதம் இவரைப் பார்த்து, பேசி, எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. இத்தனை நண்பர்கள் இருக்க, இவர் போய் அந்தப் பெண்ணைத்தான் கேட்டார். நான் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்கு நான் வைத்த பெயர் 'போட்டுக்கொடுத்தவ'. அதற்கு இவர், "நூத்தியெழுபது பேரைக் காப்பாத்துனவ. என்னையும் சேத்தா நூத்தியெழுபத்தொண்ணு" என்பார்.

"வேண்டாங்க," என்றேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சொன்னா இன்னைக்கு நிறுத்திருவாங்க. மறுபடி மொதல்லேருந்தா? என்னால முடியாது. யாருக்குமே தெரியாதுங்க."

"உனக்குத் தெரியும். இனிமே நான் ஒவ்வொரு தடவை கெளம்பும்போதும் உனக்குச் சந்தேகம் வரும்."

கையை விலக்கவில்லை. இன்னொரு கையால் எண்ணை அழுத்தினார்.

பேசும்போது என் பெயரை அவர் இழுக்கவே இல்லை. "ஆல்கஹால் உள்ள போயிருச்சும்மா. எட்டு பத்துக்கு. ஒரு வாய்" என்றார், வானிலை சொல்வதுபோல. எனக்குத் தாங்கவில்லை. போனை வாங்கினேன். அவளிடம் நான் பேசுவது அதுவே முதல்முறை.

"தப்பு என்னோடதும்மா. நான்தான் தெரியாம கலந்தேன்."

அவள் உடனே கேட்டாள்: "அண்ணி, பாட்டில் இருக்கா?"

"இருக்கு... கொட்டிட்டேன்."

"ஐயோ அண்ணி! சரி, லேபிளாவது இருக்கா? ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க. நான் டாக்டர்கிட்ட பேசிட்டுக் கூப்பிடறேன். அண்ணாவ உடனே ஊதச் சொல்லுங்க, ஒம்பது வரைக்கும் காத்திருக்க வேணாம்." பிறகு குரல் இறங்கியது. "பறக்க விடுவாங்களான்னு எனக்கும் தெரியல அண்ணி. ஆனா இப்படி ஒரு போன் எனக்கு வரும்னு நான் நெனச்சதே இல்ல."

அவள் அழுதாளா என்று தெரியவில்லை. நான் அழுதேன்.

ஊதினார். படம் போனது. அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சாப்பாட்டு மேசைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகு நிமிர உட்கார்ந்தார். விமானிகள் படிக்கும் காலத்தில் இப்படித்தான் வெறும் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத பொத்தான்களைத் தொட்டுத்தொட்டுப் பழகுவார்களாம். பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

"வா. பட்டியலை நீ படி. நான் பதில் சொல்றேன்."

விமானம் கிளம்புமுன் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் பட்டியல் இருந்த மடித்த அட்டையைக் கொடுத்தார். மகள் பள்ளிப் பையோடு வந்தவள் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பார்க்கிங் பிரேக்," என்று படித்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். கை போனது. "செட்."

"ஃபியூயல் பம்ப்ஸ்."

தலைக்கு மேலே, எங்கள் மின்விசிறிக்குக் கீழே, வெறும் காற்றில் அவர் விரல்கள் ஒவ்வொன்றாக நின்று தொட்டன. எந்தப் பதிலையும் மனப்பாடமாகச் சொல்லவில்லை. கண் முதலில் போனது, கை அடுத்து, குரல் கடைசியில். இவ்வளவு பெரிய ஒன்றை இந்த மனிதர் மண்ணிலிருந்து தூக்குவார் என்பது எனக்கு எப்போதும் பெருமைதான். இப்படித்தான் தூக்குவார் என்பதை இன்றுதான் பார்த்தேன்.

மேசையில் போன் அதிர ஆரம்பித்தது. திரையில் அவள் பெயர்.

நான் அட்டையிலிருந்து நிமிர்ந்தேன். மகள் எழுந்துவிட்டாள்.

"நடுவுல விட்டா மொதல்லேருந்து வரணும்," என்றார், முன்னால் பார்த்தபடியே. "இன்னும் ரெண்டு வரிதான் இருக்கு. படி."

போன் அதிர்ந்து அதிர்ந்து மேசை விளிம்பை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. படித்தேன். என் குரல்தான் நடுங்கியது. அவர் கண் உயர்ந்தது. பிறகு கை.