கூத்தையா குறித்த நாள்

கூத்தையாவுக்குக் கழுத்துக்குக் கத்தி வந்தால்தான் கை ஓடும். ரேஷன் கடைக்குக் கடைசி நாள் சாயங்காலம்தான் போவார். மகள் கல்யாணப் பத்திரிகையை முகூர்த்தத்துக்கு முந்தின வாரம்தான் அடித்தார். எல்லாம் எப்படியோ நடந்தும்விடும். அவர் மனைவி செவ்வந்திக்கு அதுதான் எரிச்சல். ஒரு தடவையாவது கெட்டுப்போயிருந்தால் மனுஷன் திருந்தியிருப்பார்.

போன வருஷம் ஊரே ஆவணியில் புழுதியில் விதைத்து முடித்தது. கூத்தையா விதைநெல்லே வாங்கவில்லை. ஒரு தூறல் விழுந்து முளை கிளம்பியது. பிறகு அடித்த வெயிலில் அத்தனையும் கருகியது. ஐப்பசியில் வானம் கறுத்துக்கொண்டு வந்த பிறகுதான் கூத்தையா அலறியடித்து ஓடி ஒரே பகலில் உழுது விதைத்தார். மறுநாள் மழை. ஊரில் அவர் வயல் மட்டும் விளைந்தது.

ஒரே போகத்தில் சோம்பேறி ஞானியாகிவிட்டார். இந்த வருஷம் யாரும் விதைக்கவில்லை. டீக்கடையில் அவரைச் சுற்றி உட்கார்ந்து எப்போது விதைக்கலாம் என்று கேட்டார்கள். அவரும் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பொறுங்க" என்பார். வீட்டில் இன்னும் விதைநெல் இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். செவ்வந்தி கேட்டால், நாளைக்குப் போவதாகச் சொல்வார்.

புரட்டாசி பாதி போனது. பக்கத்து ஊர்களில் விதைப்பு முடிந்துவிட்டது. ஊர் தரிசாகக் கிடந்தால் பழி தங்கள் தலையில்தான் விடியும் என்று செவ்வந்தி பயந்தாள். பக்கத்து வயல் தங்கப்பாண்டியிடம் போய், தன் புருசனுக்கு ஒரு மண்ணும் தெரியாது, வெறும் சோம்பேறித்தனம் என்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவன் சிரித்தான்.

"புருசன் அருமை எந்தப் பொம்பளைக்குத் தெரிஞ்சிருக்கு, மதினி?"

உண்மை எடுபடாததால் செவ்வந்தி பொய்க்குத் தாவினாள். குழாயடியில் குடத்தை வைத்தபடியே, "அவரு நாளைக்கு வெதைக்கலாம்னுட்டாரு" என்றாள். குடம் நிறைவதற்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. டீக்கடையில் கூத்தையாவின் காதுக்கும் வந்தது. இல்லை என்று சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

விடிந்ததும் வயலெங்கும் ஆள். ஊரிலிருந்த இரண்டு டிராக்டரும் நாள் தவறாமல் ஓடின. கூத்தையா பதறிப்போய்ப் பரமக்குடியிலிருந்து விதைநெல்லோடு வந்து இறங்கியபோது டிராக்டர் கிடைக்கவில்லை. கிடைத்த அன்று மழை பிடித்துக்கொண்டது, வயல் குளமானது, விதைக்கவே முடியவில்லை. முதல் தடவையாகக் கத்தி கழுத்தில் இறங்கியேவிட்டது. செவ்வந்தி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். இனிமேலாவது திருந்துவார் என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது.

தையில் ஊரெங்கும் அறுப்பு. தன் வயலைத் தரிசாகப் போட்டு ஊருக்கு டிராக்டரை விட்டுக்கொடுத்த மகராசன் என்று சொல்லி, தங்கப்பாண்டிதான் முதல் நெல் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். பின்னாலேயே ஊரிலிருந்து வீட்டுக்கொரு மூட்டையாக வந்து இறங்கியது. வீட்டுக்குள் நடக்க இடமில்லை.

கூத்தையா ஒரு மூட்டையில் சாய்ந்து காலை நீட்டினார்.

"பாத்தியா? அவசரப்பட்டிருந்தா இம்புட்டையும் நம்மதான அறுத்திருக்கணும்."

செவ்வந்திக்கு ஒரு மூட்டையைத் தூக்கி அவர் தலையில் போடலாம் போலிருந்தது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.