பரிசல் துறைக்கு இரண்டு மைல்

காவிரிக் கரையோரமாகப் பரிசல் துறைக்கு இரண்டே மைல். மேடு பள்ளம் கிடையாது, வழி நெடுக நிழல். இடுப்புக் குழந்தையை இறக்கிவிட்டால்கூட ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடும். புருஷன் தங்கமுத்துவோடு கிளம்பிய கண்ணாத்தாளுக்கு மட்டும் அது காசி யாத்திரை ஆகிவிட்டது.

அக்கரையில் அவள் தம்பி அப்புசாமிக்கு இன்றைக்குக் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இணைச்சீர் செய்ய வேண்டும். உடன்பிறந்தவள் இவள் ஒருத்திதான். நேரத்தோடு போகாவிட்டால் சித்தப்பன் மகளை உட்கார வைத்துவிடுவார்கள். தாயில்லாப் பிள்ளையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் இவள், பக்கத்தில் உட்காருவது வேறொருத்தியா? நினைக்கும்போதே அவளுக்கு வயிறு எரிந்தது. நேற்றே போயிருக்க வேண்டியவள். மாடு கன்று போடப் போகிறது என்று தங்கமுத்து நிறுத்திவிட்டான். அது இன்னும் கன்றும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை.

"ஏ புள்ள, அங்க பாரு, நீர்நாய்." தங்கமுத்து நின்றுவிட்டான். பாறை இடுக்கில் நாலைந்து நீர்நாய்கள் ஒரு மீனுக்காக ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன.

"பாத்தாச்சுங்க. நடங்க."

பத்து எட்டு வைத்திருக்க மாட்டான், இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காக்கையைக் கண்டு நின்றான். அப்புறம் மணல் திட்டில் வாயைப் பிளந்து கிடந்த முதலை. அது அசைகிறவரை நானும் அசைய மாட்டேன் என்றான். முதலைக்கென்ன, அதன் தம்பிக்கா கல்யாணம்?

இடிந்த கல் மண்டபம் வந்தது. அங்கேயும் நின்றான்.

"சுல்தான் படை ஆத்தத் தாண்டறப்ப இங்கதான் சோறாக்கித் தின்னுச்சாம். எங்க பாட்டன் சொல்லுவாரு. நூத்தம்பது வருசமாச்சு, இன்னுங் கரி இருக்குது பாரு."

"அது நேத்து மாடு மேய்க்கறவங்க வெச்ச தீயிங்க."

"ஆறு வருசத்துக்கு முன்னால வெள்ளம் வந்துச்சில்ல, தண்ணி இந்தத் தூணுல எதுவரைக்கும் ஏறுச்சுன்னு..."

"தெரியுமுங்க. நானும் உங்ககூடத்தான ஓடுனேன்?"

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. எட்டு வருஷக் குடித்தனத்தில், வீட்டுக் கூரைமேல் மயில் வந்து உட்கார்ந்தாலும் அண்ணாந்து பார்க்காத மனுஷன் இவன். இன்றைக்கென்று பறவையும் பட்டாளமும் எங்கிருந்து வந்தன?

"ஏனுங்க, உள்ளதச் சொல்லுங்க. எதுக்கு இப்படி நின்னு நின்னு வாரீங்க?"

தங்கமுத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் மல்லசமுத்திரம் சந்தைக்கு மாடு புடிக்கப் போயிருந்தன்னிக்கி வந்து, வெத்தலபாக்க உங்கையில குடுத்துட்டுப் போயிட்டான் உந்தம்பி. ஊட்டு மாப்பிள்ளைய ஒரு வார்த்த நேர்ல கூப்புடல."

ஒரு மாசமாக இதையா வயிற்றில் வைத்துப் பொத்திக்கொண்டிருந்தான்! அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"இத ஊட்லயே சொல்லித் தொலச்சிருந்தா என்னங்க?"

"சொன்னா நீ அழுவ."

"இப்ப மட்டும் சிரிச்சுட்டா இருக்கறேன்?"

துறைக்கு வந்தபோது பரிசல்கார ஆண்டி எழுந்து நின்றான். "எங்கம்மா போயிட்டீங்க? தம்பி மூணு தடவ கரைக்கு வந்து பாத்துட்டாருங்க. சித்தப்பன் மவளப் பொடவ மாத்தச் சொல்லியாச்சு."

எதிர்க்கரையில் கல்யாண வேட்டியோடு அப்புசாமி நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான். தங்கமுத்து ஒரு கல்லைத் துண்டால் தட்டிவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான்.

"அவன் இங்க வந்து கூப்புடட்டும்."

"காப்புக் கட்டிட்டாங்க. இனி அவன் ஆறு தாண்டலாமாங்க?"

"தாண்டக்கூடாதுன்னு எனக்குந் தெரியும்."

தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறான்! அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாய்வரை வந்ததையெல்லாம் விழுங்கிவிட்டு, சீர்க்கூடையைப் பரிசலில் வைத்துத் தானும் ஏறினாள்.

"ஊட்டு மாப்பிள்ள நான் இல்லாமத் தனியாப் போனீன்னா ஊரே சிரிக்கும்" என்றான் தங்கமுத்து.

"சிரிக்கட்டும். தள்ளுங்கண்ணா."

பரிசல் நடு ஆற்றுக்குப் போனபின் அவன் எழுந்து, நானும் வாரேன், திருப்பு என்று கத்தினான். ஆண்டி அவள் முகத்தைப் பார்த்தான்.

"திருப்பாதீங்க. என்னைய எறக்கி உட்டுட்டு அப்பறம் போய்க் கூட்டியாங்க."

அக்கரையில் உறவுக்காரர் பாதிப்பேர் கூடி நின்றார்கள். "அக்கா, மச்சான் எங்க?" என்றான் அப்புசாமி. எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள். அத்தனை பேர் காதும் இவள் பக்கமே இருந்தது.

"கால்ல முள்ளு ஏறிப்போச்சு சாமி. அடுத்த பரிசல்ல வாராரு" என்றாள்.

சீருக்கு நேரமாகிறது, வா என்று பெரியவர்கள் இழுத்தார்கள். மச்சான் வராமல் நகரமாட்டேன் என்று அப்புசாமி நின்றுவிட்டான். புருஷன் போதாதென்று தம்பியும் சேர்ந்துகொண்டானே என்று கண்ணாத்தாள் பல்லைக் கடித்தாள்.

பரிசல் திரும்பி வந்து கரையைத் தொடுவதற்குள் அப்புசாமி முழங்கால் தண்ணீரில் இறங்கி, தங்கமுத்துவைக் கைத்தாங்கலாக ஏற்றி ஒரு கல்லில் உட்காரவைத்தான். புது வேட்டியோடு சேற்றில் உட்கார்ந்து மச்சான் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"எந்தக் காலுங்க மச்சான்? முள்ளு எங்க குத்துச்சு?"

தங்கமுத்து விழித்தான். கண்ணாத்தாளைப் பார்த்தான். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதுதான்" என்றான்.

அப்புசாமி உள்ளங்காலை அழுத்தி அழுத்திப் பார்த்தான். "அன்னிக்கி உங்களப் பாக்காம வந்துட்டேன். அப்பறம் வந்து கூப்புடலாம்னா பொண்ணூட்டு வேல உடல. மனசே கேக்கலீங்க மச்சான். மன்னிச்சுக்கங்க. முள்ளக் காணமே?"

தங்கமுத்து காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"முள்ளும் இல்ல, ஒண்ணும் இல்ல, உடு சாமி. எந்திரி. அக்கா வந்து எத்தன நேரமா நிக்குது? சீருக்கு நேரமாவுது, இங்க உக்காந்து என்ன பராக்குப் பாத்துட்டிருக்கற?"

அந்த மனுஷனை அப்படியே ஆற்றில் தள்ளிவிடலாமா என்று கண்ணாத்தாளுக்கு வந்தது. அதற்கும் நேரமில்லை. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தலைப் பார்த்து ஓடினாள்.