இருட்டில் அடைகாத்தவன்

நாமக்கல்லில் பிறந்தவனுக்குக் கோழியைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க முடியாது என்று இனியன் விவரம் தெரிந்த நாளிலிருந்து நம்பி வந்தான். அப்பா அன்பரசுக்கு ஊரோரமாக முட்டைப் பண்ணை. "இந்தக் கோழி நாத்தம் உனக்கு வேண்டாமுன்னுதான்டா எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வச்சேன்" என்று அவர் அடிக்கடி சொல்லுவார். படித்து முடித்தவனுக்கு உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. என்ன ஆராய்ச்சி என்று ஆசையாகக் கேட்டார்.

"கோழிக் கண்ணுங்கப்பா."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

ஆராய்ச்சி கயல்விழியுடையது. வெண்ணந்தூர்க்காரி, ஐந்து வருஷமாகக் கோழியின் விழித்திரையைத் தவிர வேறெதையும் உற்றுப் பார்க்காதவள். அந்தத் திரையில் நிறம் பார்க்கும் செல்களுக்குள் ஆளுக்கொரு சொட்டு எண்ணெய் உண்டு. சிவப்பு, மஞ்சள், இளம்பச்சை, நிறமே இல்லாதது. நாம் கடையில் பேரம் பேசி வாங்குகிற கலர் கண்ணாடியைக் கோழி செல்லுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டே முட்டையிலிருந்து வெளியே வருகிறது. இந்தச் சொட்டுகள் எப்படி இடம் பிடித்து உட்காருகின்றன என்பதுதான் அவள் கேள்வி.

"வரிசையும் கெடையாது, நெரிசலும் கெடையாது. செவப்பு பக்கத்துல இன்னொரு செவப்பு ஒட்டாது. டவுன் பஸ்ல ஏறுனவங்க ஆளில்லாத சீட்டாப் பாத்து உக்கார்ற மாதிரி" என்றாள்.

கோழியை இனியன் முதல்முறையாக மரியாதையோடு நினைத்தது அன்றுதான்.

அதைப் படமெடுக்கச் சேலத்திலிருந்து ஒரு நல்ல கேமராவை இரவல் வாங்கியிருந்தார்கள். சாயங்காலம் கார் வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். மறுநாள் காலை நிபுணர் குழு உட்காரும். படம் இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு இனி நீட்டிப்பு கிடையாது. ஐந்து வருஷத்துக்கும் ஒரு கும்பிடு. குஞ்சுகளுக்கும் அளவான அனுமதிதான்: நான்கே நான்கு. குஞ்சு பொரிப்பகத்தில் சேவல் என்று ஒதுக்கிய ஒருநாள் குஞ்சுகள். அவற்றை அட்டைப்பெட்டியில் போட்டு, அடியில் வெந்நீர்ப் பை வைத்து, இருட்டறையில் விட்டிருந்தாள்.

அவள் துறைத்தலைவரைப் பார்க்கப் போன நேரத்தில் குஞ்சுகள் கத்தின. வெளியே வெயில் ஊரையே வறுத்துக்கொண்டிருந்தாலும், உள்ளே கேமராவுக்காக ஏ.சி. கொட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர்ப் பை ஒழுகி எப்போதோ ஆறிவிட்டது. பண்ணைக்காரன் மகனுக்குப் பசிக் கத்தல் வேறு, குளிர்க் கத்தல் வேறு என்று தெரியும். குஞ்சு குளிரில் கத்தினால் எங்கள் பக்கம் கல்யாணப் பந்தியிலிருந்துகூட எச்சில் கையோடு எழுந்து ஓடுவார்கள். இனியன் யோசிக்கவேயில்லை. மேசை விளக்கை இழுத்துப் பெட்டிமேல் தாழ்த்தி, சுவிட்சைத் தட்டினான். குஞ்சுகள் அடங்கின. புண்ணியம் செய்த திருப்தியோடு டீ குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது கயல்விழி இருட்டறை வாசலில் நின்றாள்.

"பல்பு போட்டது யாரு?"

"நாந்தானுங்க்கா. குளிருல கத்துச்சுங்க."

அவள் திட்டவில்லை. நேரமில்லாததால் துணிந்து ஒரு குஞ்சின் கண்ணை எடுத்துப் பார்த்தாள். திரை கறுப்பு கறுப்பாக ஒட்டிக்கொண்டு நார் நாராகக் கிழிந்தது.

"திரைக்குப் பின்னால ஒரு கறுப்புப் படலம் இருக்குது. வெளிச்சம் பட்டா அது செல்லுக்கு நடுவுல வெரல உட்டுக் கெட்டியாப் புடிச்சுக்கும். இருட்டுலதான் புடி தளரும். மறுபடியும் ரெண்டு மணி நேரமாச்சும் இருட்டு வேணும், இனியா."

"சூடும் வேணுமுங்களே. ஏ.சிய அணைச்சா?"

"கேமரா சூடாயிரும்."

"பண்ணையில கரண்டு போனா கரிச்சட்டி வெப்பமுங்க."

"கரிப்புகை கேமராவுக்கு ஆகாது. ஆமா, தாய்க்கோழி என்ன பண்ணும்?"

"எங்க பண்ணைக் கோழி அடையே உக்காராதுங்க. முட்டை போடறதோட செரி."

கயல்விழி அவனை மேலும் கீழும் பார்த்தாள். தொளதொளவென்று சட்டை போட்டிருந்தது அவன் செய்த இரண்டாவது தப்பு.

இருட்டறை மூலையில், சட்டைக்குள் மூன்று குஞ்சுகளோடு இனியன் உட்கார்ந்தான். ஒன்று தொப்புளைத் தானியம் என்று நினைத்துக் கொத்தியது. கொஞ்ச நேரத்தில் மூன்றும் வயிற்றோடு ஒட்டித் தூங்கின. தூங்குகிற அந்தக் கடுகுக் கண்களுக்குள் இந்நேரம் ஆயிரமாயிரம் கறுப்பு விரல்கள் ஒவ்வொன்றாகப் பிடி விட்டுக்கொண்டிருக்கும் என்று நினைத்தான். புல்லரித்தது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அப்பாவாகத்தான் இருக்கும். எடுத்தால் திரை ஒளிரும். பையிலிருந்து தடவி உருவி, கவிழ்த்து வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அப்பா விடாமல் கூப்பிட்டார். அவரையும் சேர்த்து அடைகாத்தான்.

"எந்திரிங்க, கோழியாரே" என்றபடி கயல்விழி வந்தாள். மங்கலான சிவப்பு விளக்கில் அவள் வேலையைப் பார்த்தபோது இனியனுக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. காய்ச்சின பாலில் ஆடையை முழுசாக எடுக்கிற கை. திரை கிழியாமல், கறுப்பு ஒட்டாமல் வழுக்கி வந்தது. அதைக் கண்ணாடித் துண்டில் விரித்து வைத்தாள்.

கணினித் திரையில் படம் தெளிந்தது. யாரோ பாசிமணிப் பெட்டியைக் கொட்டிவிட்டு, பிறகு மனசு கேட்காமல் ஒவ்வொரு மணிக்கும் இடம் பார்த்து வைத்ததுபோல் இருந்தது. சாயம் எதுவும் ஏற்றவில்லை. அத்தனையும் கண்ணின் சொந்த நிறம். எந்தச் சிவப்பும் இன்னொரு சிவப்பை இடிக்கவில்லை.

"இந்த நெறத்தைக் குஞ்சு தானாச் செய்யாது. தாய்க்கோழி தின்ன மக்காச்சோளம் மஞ்சக்கருவுக்குப் போயி, அங்கிருந்து கண்ணுக்கு வருது" என்றாள் கயல்விழி. படங்களை எடுத்து, இரண்டு இடத்தில் சேமித்த பிறகே உட்கார்ந்தாள். "போதும். மிச்ச ரெண்டு வேண்டாம்."

சேலத்துக் கார் வாசலில் ஹாரன் அடித்தது. போன் மறுபடி அதிர்ந்தது.

"ஏன்டா, போன எடுக்க மாட்டியா? என்றா பண்ணிட்டிருந்த?"

"அடை உக்காந்திருந்தனுங்கப்பா."

இனியன் வீடியோவுக்கு மாற்றி, கணினித் திரைக்கு நேராகப் பிடித்தான்.

"என்றா இது, கலர் கலரா?"

"கோழிக் கண்ணுங்க. உள்ள இருக்கறது மக்காச்சோளமுங்க, நம்ம தீவனத்துல போடறோமே, அதேதான்."

தினமும் மூட்டை மூட்டையாக மக்காச்சோளம் கொட்டுகிற மனுஷன் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் இனியனின் சட்டை கத்தியது.

"அதென்றா சத்தம்?"

"ரெண்டு குஞ்சு மிச்சமுங்க. ஊட்டுக்குக் கொண்டாரட்டுங்களா? சேவலுங்க."

"முட்டைப் பண்ணையில சேவலுக்கு என்றா வேலை?" என்றார் அன்பரசு. பார்வை இன்னும் படத்தைவிட்டு நகரவில்லை. "செரி, கொண்டா சாமி. குளிருல உட்றாத."