மரணக்கிணற்றில் ஒரு பாடம்

திண்டுக்கல் பொருட்காட்சிக்கு எரியோட்டிலிருந்தும் தாடிக்கொம்பிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். 1962-ல், பிள்ளைகளின் படிப்பு கெடுகிறது என்று பள்ளிக்கூடங்கள் முகம் சுளிக்கத் தொடங்கின. வந்த கூட்டமும் ராட்டினத்தையும் மரணக்கிணற்றையும் மொய்த்தது. அணைக்கட்டின் மாதிரி உருவமும் உர விளக்கமும் வைத்திருந்த கொட்டகைகள் காற்று வாங்கின.

பொருட்காட்சிக் கமிட்டிச் செயலாளர் சோலைமலை, பெண்கள் பள்ளியில் விஞ்ஞானம் நடத்தும் புஷ்பமேரியைத் தேடி வந்தார்.

“அறிவுக்கும் ஏதாச்சும் செய்யணும் டீச்சர். ஆனா கூட்டம் கொறையக் கூடாது.”

“கூட்டம் இருக்குற எடத்துலயே பாடத்த வச்சிருவோம்” என்றாள் அவள்.

மரணக்கிணறு அப்துல் ஜப்பாருடையது. ஆள் உயரத்தைப்போல் மூன்று மடங்கு உயரத்தில், பலகைகளை நிறுத்தி வட்டமாகக் கட்டிய கிணறு. அதன் சுவரில் மோட்டார் சைக்கிள் ஓட்டியது அவருடைய தங்கை நர்கீஸ். ஜனங்கள் மேலே விளிம்பைச் சுற்றி நின்று பார்ப்பார்கள்.

ஆட்டம் தொடங்குமுன் புஷ்பமேரி அந்த விளிம்பில் நின்று, தண்ணீர் நிறைந்த வாளியைக் கயிற்றில் கட்டிச் சுழற்றினாள். தலைகீழாகப் போனபோதும் சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. பிள்ளைகள் கூவினார்கள். “மந்திரமில்ல, வேகந்தான். வண்டியும் இப்படித்தான் சுவத்துல நிக்குது. வேகம் கொறஞ்சா எறங்கிரும்” என்று ஒலிபெருக்கியில் சொன்னாள். பள்ளிக்கூடங்கள் வரிசை கட்டி வர ஆரம்பித்தன.

அந்தப் பாடத்தை அதிகம் ரசித்தது நர்கீஸ்தான். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். ஒருநாள் ஆட்டம் முடிந்து வியர்வையைத் துடைத்தபடி வந்தாள்.

“இத்தன வருசம் அல்லா புண்ணியத்துல ஓட்டுறேன்னு நெனச்சேன் டீச்சர். வேகம் கொறஞ்சா எறங்கிருவேன்னு சொல்றீகள்ல, அதையும் நான் காட்டுறேன். பிள்ளைக கண்ணால பாக்கட்டும்.”

“பயமா இருக்காதா?”

“எறங்குறது தெனமும் பண்றதுதானே. செத்த மெதுவா பண்ணுவேன், அம்புட்டுத்தான்.”

நன்றாகவே செய்தாள். உச்சியில் சுற்றுவாள், புஷ்பமேரி “கொறைக்கட்டும்” என்றதும் வேகத்தைத் தணித்து, வட்டம் வட்டமாகச் சறுக்கி இறங்குவாள், மறுபடி முடுக்கி மேலேறுவாள். ஊரெல்லாம் அந்தப் பேச்சுதான். புஷ்பமேரிக்கும் பெருமை தாங்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை தூறல் விழுந்தது. கூரைத் துணியின் தையல் வழியே நீர் கசிந்து பலகையில் கோடாக இறங்குவதைப் புஷ்பமேரி பார்த்தாள். “இன்னைக்கு வேகமா மட்டும் ஓட்டட்டும்” என்று ஜப்பாரிடம் சொன்னாள். அவர் தயங்கினார். சோலைமலை குறுக்கே வந்தார்.

“அதப் பாக்கத்தானே டீச்சர் இம்புட்டுப் பேரு வந்துருக்காக?”

கீழே நர்கீஸ் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டு அண்ணாந்து பார்த்தாள். “நீங்க சொல்லுங்க டீச்சர், நான் பாத்துக்கிறேன்!”

நர்கீஸ் சுவரேறி உச்சியில் சுற்றத் தொடங்கினாள். புஷ்பமேரி பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோய், “கொறைக்கட்டும்” என்றாள்.

ஈரப் பலகையில் பின்சக்கரம் வழுக்கியது. வண்டி முதலில் விழுந்தது, அதன்மேல் நர்கீஸ். இயந்திரம் நிற்காமல் உறுமிக்கொண்டே கிடந்தது. விளிம்பில் நின்ற பிள்ளைகளில் சிலர், இதுவும் பாடத்தில் சேர்ந்தது என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஆஸ்பத்திரியில் நர்கீஸின் வலது முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். புஷ்பமேரி கட்டிலருகே நின்று அழுதாள்.

“நான் வேணாம்னு நின்னுருக்கணும் நர்கீஸ்.”

“ஆசப்பட்டது நானுந்தானே” என்று நர்கீஸ் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறு வருடம் சோலைமலை மீண்டும் வந்தார். புஷ்பமேரி முடியாதென்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனாலும் ஒரு மாலை பொருட்காட்சிக்குப் போனாள். மரணக்கிணற்றின் வாசலில், ஒரு காலை நீட்டியபடி நர்கீஸ் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க டீச்சர். புதுசா ஒரு பையன் ஓட்டுறான்.”

உள்ளே யாரோ ஒருவன் ஒலிபெருக்கியில் வாளியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தான். வார்த்தைக்கு வார்த்தை புஷ்பமேரியுடையவை. “மழ பெஞ்சா என்ன பண்றாக?” என்று புஷ்பமேரி கேட்டாள்.

“ஓட்டத்தான் செய்றாக” என்றாள் நர்கீஸ். அடுத்து நின்றவருக்கு டிக்கெட்டைக் கிழித்தாள்.