துண்டுக்கு அடியில் சூப்

“அம்மா, இந்தக் கணக்குக்கு ரெண்டு வழி இருக்கு. குறுக்கு வழி சொல்லட்டுமா, அழகான வழி சொல்லட்டுமா?”

“எதைச் சொன்னா சீக்கிரம் சாப்பிட வருவியோ, அதைச் சொல்லு.”

நாரே ஏழாம் வகுப்பு படித்தபோது நடந்த பேச்சு. மகள் அழகான வழியைத்தான் சொன்னாள், சோறு ஆறிப்போனது. அம்மா யுன்சுக்குக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நாரே பன்னிரண்டாம் வகுப்பு. நவம்பரில் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு. பள்ளி முடிந்தால் டியூஷன். வீடு திரும்பப் பத்து மணியாகும். மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. கணக்கைப் பற்றிய பேச்சுதான் நின்றுவிட்டது. காலையில் பள்ளி என்றாலே வயிற்றுவலி. டாக்டர் சோதித்துப் பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்றார். “எங்கிட்ட ஏதாவது சொல்லணுமாடி?” என்று யுன்சுக் கேட்டால் வாயைத் திறப்பாள்; பிறகு “ஒண்ணுமில்லம்மா” என்று மூடிக்கொள்வாள்.

அன்று பள்ளியில் மாதிரித் தேர்வு. நாரேயின் பிறந்தநாளும் அதே நாள். யுன்சுக் விடியற்காலைத் தூக்கக் கலக்கத்தில், வருஷா வருஷம் பிறந்தநாளுக்குச் செய்கிற பழக்கத்தில், கடற்பாசியை ஊறவைத்து நல்லெண்ணெயில் வதக்கி சூப் வைத்துவிட்டாள். இறக்கிய பிறகுதான் உறைத்தது. பரீட்சையன்று வழவழப்பான கடற்பாசி வயிற்றுக்குள் போனால் மார்க்கும் வழுக்கிவிடும் என்று அவர்கள் ஊரில் எந்த வீட்டிலும் அதைத் தொடமாட்டார்கள். பதறிப்போய்ப் பானையைப் பால்கனியில் வைத்து, துண்டைப் போட்டு மூடினாள்.

நாரே மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தாள்.

“அம்மா, துண்டுல ஏன் ஆவி வருது?”

“இப்பதான் துவைச்சேன்.”

“நல்லெண்ணெய் ஊத்தியா துவைச்ச?”

யுன்சுக்குக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. “இப்ப வேண்டாம் கண்ணு. சாயங்காலம் சூடு பண்ணித் தர்றேன்.”

“சாயங்காலம் நான் வீட்ல எங்க இருக்கேன்?”

யுன்சுக்கே பானையை உள்ளே தூக்கிவந்தாள். நாரே ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, வயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் சாப்பிட்ட காலை அது.

“வழுக்கிட்டா திட்டுவியா?”

“சூப் வச்சவ நான். உன்னை ஏன்டி திட்டப்போறேன்?”

நாரே கரண்டியைக் கீழே வைத்தாள். இந்தமுறை திறந்த வாயை மூடவில்லை.

“அம்மா, டியூஷனை விட்டுடட்டுமா? இந்த மேசையிலயே உக்காந்து படிக்கிறேன். கணக்கு எனக்கு மறுபடியும் பிடிக்கணும்மா.”