பொழுதிருக்க ஊடு சேரணும்

விடிய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஜெயபிரகாஷ் பழைய செய்தித்தாளை நனைத்து பிக்கப் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை, பிறகு காய்ந்த துணியால் மறுபடியும். ஒரு விரல் தடம் மிஞ்சினாலும் எதிரே வரும் விளக்கு அதில் பட்டுச் சிதறும். மார்கழிப் பனி துடைத்த இடத்திலேயே திரும்பப் படிந்தது. அவனும் திரும்பத் துடைத்தான்.

காபித் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். தலையில் கோணிச்சாக்கு, இடுப்பில் பழம் பறித்துப் போடும் பை, கையில் சோற்றுத் தூக்குப்போசி. சுமை ஏற்றுவதற்கான அந்த வண்டியில் இருபத்திரண்டு பேர் நின்றபடி வரவேண்டும். உட்கார இடம் கிடையாது. பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டால்தான் வளைவுகளில் கால் நிற்கும்.

"ஏறியாச்சா எல்லாரும்?"

"ஏறியாச்சு சாமி, எடு" என்றாள் ஆரோக்கியசெல்வி. எப்போதும் அவள்தான் கடைசியாக ஏறுவாள். இடது ஓரத்தில், பின்னால் பார்த்தபடி நிற்பாள்.

நாகலூர் லயனிலிருந்து காபி பறிக்கும் மேல் காட்டுக்கு எட்டு கிலோமீட்டர். வெளிச்சம் வரும்வரை ஜெயபிரகாஷ் சாலையைப் பார்த்து ஓட்டுவதில்லை. இடது ஓரத்து வெள்ளைக் கோட்டை மட்டும் பார்ப்பான். எதிரே வண்டி வந்தால் மோசமான இடது கண்ணை மூடிக்கொண்டு, ஓரங்கட்டி, அது கடந்து போகும்வரை நிற்பான். மேல் காடு போய்ச் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். அந்தக் குளிரிலும்.

பெண்கள் இறங்கி ஈரச் செடிகளுக்குள் போவார்கள். காபிக் கிளையை வளைத்தால் இலைகளில் தேங்கிய பனி மொத்தமும் கழுத்துக்குள் கொட்டும். செவ்வெறும்பு முழங்கை வரை ஏறிக் கடிக்கும். பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டும். பச்சைக்காய் கலந்தால் கணக்கெழுதும் ரைட்டர் மணிகண்டன் எடைபோடும் இடத்தில் எல்லார் முன்னாலும் கொட்டிக் காட்டித் திட்டுவார். ஆரோக்கியசெல்வியின் பையில் பச்சைக்காய் இருக்காது. பதினெட்டு வருடமாகப் பறிக்கிற கை. கண் வேறெங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே விரல்கள் பழுத்ததைத் தடவித் தெரிந்துகொள்ளும்.

ஜெயபிரகாஷுக்கு இருபத்தேழு வயது. இரண்டு வருடமாகவே பார்வையில் ஏதோ கோளாறு. கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டும் எழுத்துக்கு நிழல் விழுந்தது. மூட்டை ஏற்றும்போது பறக்கும் காபித் தொலித் தூசியில் கண் அரிக்கும், கசக்கிக்கொண்டே இருப்பான். சேலத்தில் கண் டாக்டர் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். பச்சையும் மஞ்சளுமாக இருந்த வட்டத்தின் நடுவே சிவப்பாக ஒரு மேடு.

"இதுக்குப் பேரு கெரட்டோகோனஸ். கருவிழி மெலிஞ்சு கூம்பு மாதிரி முன்னால தள்ளிட்டு வருது. கண்ணக் கசக்கவே கூடாது. இது மேல மேல வளராம நிறுத்த ஒரு சிகிச்சை இருக்கு, சீக்கிரம் பண்ணிக்கணும். அதுவரைக்கும் இந்தக் கெட்டி லென்ஸைப் போடுங்க. எட்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். இருட்டுல வண்டி ஓட்டவே வேண்டாம்."

எட்டு மணி நேரம். அவன் காலை நாலரைக்குச் சாவியைக் கையில் எடுத்தால் இரவு ஏழுக்குத்தான் வைப்பான்.

முன்பெல்லாம் அப்படி இல்லை. விடிந்தபின் போவார்கள், நான்கு மணிக்குத் திரும்புவார்கள். இரண்டு டிரைவர்கள் இருந்தார்கள். முதலாளி தோட்டத்துக்குள் ஆறு விருந்தினர் குடில்கள் கட்டியபின் எல்லாம் மாறியது. ஒரு டிரைவரை நிறுத்திவிட்டார்கள். வண்டிக்குப் பின்னால் கழற்றி மாட்டும் இருக்கைகள் வந்தன. பெண்களை இருட்டிலேயே மேலே இறக்கிவிட்டு, பகல் முழுவதும் அது விருந்தினர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டியது. சாயங்காலம் சூரியன் இறங்குவதை அவர்கள் மலைமுனையில் நின்று பார்த்து, படம் எடுத்து, குடிலுக்குத் திரும்பியபின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, வண்டி மேல் காட்டுக்கு வரும். அதுவரை பெண்கள் எடை போட்ட இடத்திலேயே சாக்கைப் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் ஜெயபிரகாஷ் டாக்டர் சீட்டை மணிகண்டனிடம் கொடுத்தான். எடை போட ஆரோக்கியசெல்வியும் கண்ணாயியும் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"ரைட்டர் சார், இருட்டுல ஓட்டக் கூடாதுன்னு எழுதியிருக்காருங்க. பகல்ல எவ்வளவு வேணா ஓட்டறனுங்க. காலைலயும் பொழுதோடயும் மட்டும் வேற ஆள் போடச் சொல்லுங்க."

மணிகண்டன் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "மொதலாளிகிட்டச் சொல்றேன்."

மறுவாரம் பதில் வந்தது. "அரை டிரைவருக்கு முழு லயன் வீடு எதுக்குன்னு கேக்கறாருப்பா. முடியலன்னா வண்டிச் சாவியையும் வீட்டுச் சாவியையும் சேத்துக் குடுத்துடச் சொன்னாரு."

அவன் மனைவி வெண்ணிலாவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஜெயபிரகாஷ் சாவியை வாங்கிக்கொண்டான். அதற்குப் பிறகு கண்ணைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஒண்டிக்கடை முக்கில், இரவில் ஓட்டுகிறவர்கள் போடும் மஞ்சள் கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுப் பார்த்தான். வெளிச்சம் மஞ்சளாகச் சிதறியது, அவ்வளவுதான்.

கண்ணாடி துடைத்துப் புறப்பட்ட அந்த மார்கழி நாள் வெள்ளிக்கிழமை. விருந்தினர்கள் சிவப்பு மறையும்வரை முனையை விட்டு நகரவில்லை. அவன் மேல் காட்டுக்கு வந்தபோது நன்றாக இருட்டியிருந்தது. காலை நாலரைக்குப் போட்ட லென்ஸ். கண்ணுக்குள் மணல் அரைப்பதுபோல எரிந்தது, நீர் கொட்டியது. இனி ஒரு நிமிடம் வைத்தாலும் விழி கீறிவிடும் என்று பயந்து கழற்றி டப்பாவில் போட்டான். பின்னால் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தான். சொல்லவில்லை.

மூன்றாவது வளைவில் எதிரே ஒரு கார் வந்தது. விளக்கைத் தாழ்த்தவில்லை. பனிமூட்டத்தில் அந்த வெள்ளை வெளிச்சம் வெடித்துப் பரவியது. கோடு காணாமல் போனது. பிரேக்கை மிதித்து இடதுபக்கம் ஒடித்தான். மெதுவாகத்தான் வந்திருந்தான். வண்டி கவிழவில்லை. சாலையோரத்துச் சில்வர் ஓக் மரத்தை உரசி நின்றது, அவ்வளவுதான்.

கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே ஆரோக்கியசெல்வியின் வலது கை இருந்தது.

அவள் கத்தவில்லை. கண்ணாயிதான் கத்தினாள்.

ஐந்தாம் நாள் முதலாளியே லயனுக்கு வந்தார். ஜெயபிரகாஷ் வீட்டு வாசலில் நின்றபடியே ஒரு தாளை நீட்டினார்.

"கண் வியாதியை மறைச்சு வேலை செஞ்சேன்னு எழுதியிருக்கு. கையெழுத்துப் போட்டுடு. போலீசுக்குப் போகாமப் பாத்துக்கறேன். கொழந்தை பொறக்கறவரைக்கும் வீட்டுல இருந்துக்கோ. அந்தம்மாகிட்டயும் தப்பு உன்னோடதுன்னு இதேமாதிரி ஒண்ணு குடுத்திருக்கேன். போட்டா ஆஸ்பத்திரிச் செலவு என்னோடது."

"மறைக்கலீங்களே, சீட்டுக் குடுத்தாருங்களே" என்றாள் உள்ளிருந்து வெண்ணிலா.

"எந்தச் சீட்டு?" என்றார் முதலாளி. பின்னால் நின்ற மணிகண்டன் தரையைப் பார்த்தார்.

அவர்கள் போனபின் ஜெயபிரகாஷ் பேனாவை எடுத்தான். அவனுக்கு அந்தத் தாள் பொய்யாகவே தோன்றவில்லை. தண்டனையை யாராவது கொடுத்துவிட்டால் போதும் என்றிருந்தது. வெண்ணிலா பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். "மொதல்ல அக்காளப் போய்ப் பாத்துட்டு வா. அஞ்சு நாளா போகாம இருக்கற. அப்பறம் போடு."

சேலம் ஆஸ்பத்திரி வார்டில் ஆரோக்கியசெல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கை மடியில் வெள்ளைக் கட்டாகக் கிடந்தது. நான்கு விரல்கள் போய்விட்டன. பெருவிரல் மட்டும் மிச்சம்.

"உக்காரு" என்றாள்.

அவன் உட்காரவில்லை. "எழுதிக் குடுத்தறனுங்க்கா. என் தப்புத்தானுங்க."

"ஒந்தப்புத்தான்."

அதை அவன் எதிர்பார்க்கவில்லை. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதனால் இன்னும் வலித்தது.

"ஒனக்கு என்னதாண்டா தெரியுது? இத்தன நாளும் என்னத்தப் பாத்து ஓட்டுன?"

வெண்ணிலாவிடம்கூடச் சொல்லாததை அவன் அப்போது சொன்னான். "ஒரு லைட்டு ஒண்ணா வராதுங்க்கா. ஏழெட்டாப் பிரியும். ஒவ்வொண்ணுக்கும் வாலு மொளைக்கும். நடுவுல ரோடு இருக்காது. கோடு மட்டுந்தான் பாப்பன். அன்னைக்கு லென்ஸக் கழட்டீட்டனுங்க்கா. நொம்ப எரிஞ்சுது. கோடும் போயிருச்சு."

அவள் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராத்திரி பூராவும் இல்லாத வெரலு பழம் பறிக்குது" என்றாள். "பறிச்சுப் பறிச்சு வலிக்குது. முழிச்சுப் பாத்தா கட்டுத்தான் கெடக்குது."

ஜெயபிரகாஷ் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். கசக்கக் கூடாத கண்களைக் கசக்காமல் அழுதான்.

"கேளு. நீ லென்ஸக் கழட்டறப்ப எங்ககிட்டச் சொல்லியிருந்தீன்னா அன்னைக்கு நடந்தே வந்திருப்போம். சொல்லல. அது ஒந்தப்பு. அத நான் மறக்கமாட்டன், மன்னிச்சுட்டன்னும் சொல்லமாட்டன். ஆனா நீ சீட்டுக் குடுக்கறப்ப நான் அங்க நின்னுட்டிருந்தன். தெரிஞ்சே சாவியக் குடுத்தாங்க. பொழுதிருக்க எங்கள ஊட்டுக்கு அனுப்பியிருந்தா இந்தக் கை இருந்திருக்கும். அவங்க தப்பயுஞ் சேத்து நீ ஏன் எழுதிக் குடுக்கற? நீ எழுதிக் குடுத்தா நாளைக்கு அதே இருட்டுல இன்னொருத்தன் ஓட்டுவான். இன்னொருத்தி கை போகும்."

"உங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவுங்க்கா…"

"அவரு குடுத்த தாளு தலகாணிக்கு அடில இருக்குது. எடு."

எடுத்தான். கையெழுத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது.

"எங்கண்ணு நல்லாத்தான் தெரியுது" என்றாள். "படிச்சுப் பாத்தன். போட மனசு வல்ல."

அடுத்த வாரம் அவளை லயனுக்குக் கொண்டுவந்தார்கள். அன்று மாலை இருபத்தோரு பெண்களும் அவள் வீட்டு வாசலில் கூடினார்கள். எல்லாரும் ஒரே மனதாக இல்லை. "குருட்டுக் கண்ண வெச்சுக்கிட்டு எங்கள வண்டில ஏத்தினயே" என்று ஒருத்தி ஜெயபிரகாஷின் முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவன் தலை குனிந்து நின்றான். ஆரோக்கியசெல்வி எல்லாரையும் பேசவிட்டாள். பிறகு சீட்டு கொடுத்த நாளைப் பற்றிச் சொன்னாள். கண்ணாயி ஆமாம் என்றாள். பேச்சு மெல்ல வேறு பக்கம் திரும்பியது. எத்தனை சாயங்காலம் பனியில் குந்தியிருந்தோம், குழந்தைகள் எத்தனை நாள் பூட்டிய கதவுக்கு வெளியே தூங்கிப்போயின என்று. பன்னிரண்டாவது வரை படித்த வெண்ணிலா அதையெல்லாம் மனுவாக எழுதினாள்.

மறுநாள் விடியலில் வண்டி வந்தது. ஓட்டி வந்தவன் அடிவாரத்து ஆள், புதியவன். யாரும் ஏறவில்லை. அரை மணி நேரத்தில் முதலாளியின் கார் வந்தது.

"என்ன இது? பழம் செடியிலேர்ந்து உதிருது, நிக்கறீங்க?"

கண்ணாயி முன்னால் வந்தாள். "விடிஞ்சப்பறம் போறமுங்க. பொழுதிருக்க ஊடு சேரணுமுங்க. மூட்டை ஏத்தற வண்டில இனி ஏறமாட்டமுங்க. இவ கைக்கு நீங்க பதில் சொல்லோணுமுங்க."

"கை போனதுக்குக் காரணம் அவன். அவனை விட்டுட்டு என்னைக் கேக்கறீங்க?"

"அவனைக் கேட்டாச்சுங்க" என்றாள் ஆரோக்கியசெல்வி. "ஒத்துக்கிட்டான். இப்ப உங்களக் கேக்கறோம்."

முதலாளி ஜெயபிரகாஷ் பக்கம் திரும்பினார். "தாள் எங்கடா?"

"போடலீங்க" என்றான் அவன். "கண்ணுக்கு வைத்தியம் பாத்துட்டு, டாக்டர் சரின்னாப் பகல்ல ஓட்டறனுங்க. வேண்டாம்னாருன்னா நாத்துப் பண்ணைல வேலை குடுங்க. சீட்டுக் குடுத்தது குடுத்ததுதானுங்க. ரைட்டர் சாருக்குத் தெரியும்."

மணிகண்டன் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. ஆனால் 'இல்லை' என்றும் சொல்லவில்லை.

"ஒரு வாரத்துல லயன் வீடு எல்லாத்தையும் காலி பண்ணணும். அத்தனை பேரும்!"

கார் திரும்பிப் போனது. ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போக இடமில்லாதவர்கள்தான் அவர்களில் பாதிப் பேர். பிறகு கண்ணாயி தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். மற்றவர்களும் நடந்தார்கள். சேலத்தில் தொழிலாளர் அலுவலகம் பத்து மணிக்குத் திறக்கும்.

பஸ் வருவதற்குள் மனுவில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆரோக்கியசெல்வியின் பெயருக்கு முதல் இடத்தை விட்டுவைத்திருந்தார்கள்.

"ரேகை வெச்சுக்கலாங்க்கா" என்றாள் வெண்ணிலா.

"எட்டாவது படிச்சிருக்கறன். எனக்கு எழுதத் தெரியும்."

பேனாவை இடது கையில் வாங்கினாள். ஜெயபிரகாஷ் தாள் நகராமல் மைல்கல்லின்மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டான். முதல் எழுத்துக் கோணலாக இழுத்துக்கொண்டு போனது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்ததைத் தொடங்கினாள்.

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். "ஏறுங்கம்மா, நேரமாச்சு!"

"செத்த நில்லுங்க" என்றாள் கண்ணாயி. "எழுதட்டும்."

டிரைவர் எட்டிப் பார்த்தார். கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

நான்கு எழுத்துகள் முடிந்திருந்தன. இன்னும் நான்கு இருந்தன. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.